அரசு வங்கியா, தனியாரா, தபால் ஆபீஸா: அன்றாடக் கணக்கை எங்கே வைப்பது?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவன் என் அண்ணன் மகன். கோவையில் வேலை மாறியிருக்கிறான். "சித்தப்பா, புது கம்பெனியில மூணு பேங்க் பேரைக் குடுத்து ஒண்ணை எடுத்துக்கச் சொல்றாங்க. எதுல போடட்டும்?" இன்னொருவர் குளித்தலைப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அத்தை. மாமாவின் குடும்ப ஓய்வூதியம் அரசு வங்கியில் விழுகிறது. மாதம் பிறந்தால் வரிசையில் நின்று கால் கடுக்கிறது. "டவுன்ல ஏசி போட்ட பேங்க்ல உட்கார வச்சு தண்ணி குடுக்குறாங்களாமே, அங்க மாத்திக்கலாமாப்பா?"

இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல வரவில்லை. சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் பேசுவது அன்றாடக் கணக்கைப் பற்றி மட்டும். சம்பளமோ பென்ஷனோ வந்து விழுந்து, வாடகை, இஎம்ஐ, மளிகை, ஜிபே என்று வெளியே போகும் கணக்கு. வெளிநாடுகளில் இதற்கென்றே தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம்மிடம் சேமிப்புக் கணக்குதான் அந்த வேலையைப் பார்க்கிறது. பெயரில்தான் சேமிப்பு, உண்மையில் இது வாய்க்கால். தேக்கி வைக்கும் கண்மாய் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது வட்டி. நான் அதைக் கடைசியில் வைப்பேன். கணக்கில் சராசரியாக 20,000 ரூபாய் கிடக்கிறது என்று வையுங்கள். 2.5 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 500 ரூபாய், 4 சதவீதம் என்றால் 800. வித்தியாசம் 300 ரூபாய். ஒரே ஒரு இஎம்ஐ பவுன்ஸ் ஆகி, வங்கி 500 ரூபாய் அபராதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போட்டால் 590 போய்விடும். இரண்டு வருட வட்டி லாபம் ஒரே நாளில் காலி.

ஆகவே என் வரிசை இது. முதலில், கணக்கில் சும்மா கிடந்தே ஆக வேண்டிய தொகை எவ்வளவு. அடுத்து, அது குறைந்தால் என்ன பிடிப்பார்கள், கார்டுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் என்ன பிடிப்பார்கள். மூன்றாவது, நீங்கள் இருக்கும் ஊரில் ரொக்கம் எடுக்க வழி. நான்காவது, சிக்கல் வந்தால் நேரில் போய் நிற்க ஓர் ஆள் உண்டா. ஐந்தாவது, வங்கிக்கே ஏதாவது ஆனால் உங்கள் பணம் என்னாகும். வட்டி ஆறாவது.

ஐந்தாவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பெரும்பாலான வங்கிகள் ஒன்றுதான். அரசு வங்கி, தனியார் வங்கி, ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கி, கூட்டுறவு வங்கி எதுவானாலும், ஒரு வங்கியில் ஒரு நபருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு இது 1 லட்சம்தான். ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் கணக்கு வைத்தாலும் மொத்தத்துக்கும் சேர்த்து 5 லட்சம்தான். கிளைக்கு ஐந்து என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அஞ்சலகச் சேமிப்புக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, அதற்கு மத்திய அரசே பொறுப்பு. ஆனால் நம் ஊர்களில் 'சொசைட்டி' என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இந்தக் காப்பீட்டுக்குள் வராது. நகரக் கூட்டுறவு வங்கியும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும் வரும். பெயர்ப்பலகையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

## அரசு வங்கி

சும்மா கிடக்க வேண்டிய தொகை: இந்த விஷயத்தில் அரசு வங்கிகள் இப்போது வெகுதூரம் இறங்கி வந்திருக்கின்றன. ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு மினிமம் பேலன்ஸ் அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனிலும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி அதே வருடம் ஜூலையிலும் எடுத்தன. இது சின்ன விஷயமில்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை முதன்முதலாக விழுந்தபோது, அந்த 1,000 ரூபாயிலேயே பழைய மினிமம் பேலன்ஸ் பாக்கியைச் சில வங்கிகள் கழித்துக்கொண்டதாகப் புகார் கிளம்பியது நினைவிருக்கலாம். பிடிக்கக் கூடாது என்று அப்போது மாநில நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு சொல்ல வேண்டி வந்தது.

மறைவான செலவு பணமாக இருக்காது, நேரமாக இருக்கும். பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரத்தின் மேல் 'பழுது' என்று காகிதம் ஒட்டியிருக்கும். முகவரி மாற்ற ஹோம் பிராஞ்சுக்கு, அதாவது கணக்கு தொடங்கிய கிளைக்கு, போகச் சொல்வார்கள். கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) புதுப்பிக்கவில்லை என்று கணக்கை நிறுத்திவிட்டு, நீங்கள் பணம் எடுக்கப் போகும்போதுதான் சொல்வார்கள். எல்லாக் கிளையும் இப்படியில்லை. ஒரே வங்கியில் பக்கத்து ஊர்க் கிளை தங்கமாக இருக்கும். அதனால் வங்கியைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கிளையைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு தொடங்கும் முன் ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு உள்ளே போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். விளம்பரம் சொல்லாததை அது சொல்லும்.

பாஸ்புக்கில் 436, 20 என்று இரண்டு தொகை வருடா வருடம் போயிருந்தால் பதற வேண்டாம். அவை பிரதமர் பெயரிலான ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீடு ஆகியவற்றின் பிரீமியம். தலா 2 லட்சம் கிடைக்கும். நல்ல திட்டங்கள்தான். எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்தவர்கள் நாமினி யார் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டி: ஸ்டேட் பேங்க் 2025 ஜூனில் 2.5 சதவீதத்துக்கு வந்தது. பெரிய தனியார் வங்கிகளான எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ இரண்டும் அதே மாதம் அதே இடத்துக்கு வந்தன. இந்த இரண்டு வகைக்கும் நடுவே வட்டியைப் பார்த்து முடிவெடுப்பதில் இப்போது அர்த்தமில்லை.

பென்ஷன்காரர்கள், அரசு உதவித்தொகை வாங்குபவர்கள், கிராமத்தில் இருப்பவர்கள், கையில் மாதக் கடைசியில் 200 ரூபாய் மிஞ்சுபவர்கள், எல்லோருக்கும் இதுதான் சரி.

## பெரிய தனியார் வங்கி

ஆப் நன்றாக இருக்கும். கணக்கு அரைமணியில் திறந்துவிடும். கார்டு தொலைந்தால் இரவு இரண்டு மணிக்கும் முடக்கலாம். இதெல்லாம் உண்மை, இதற்காகவே நானும் ஒன்று வைத்திருக்கிறேன்.

விலை எங்கே என்றால், சும்மா கிடக்க வேண்டிய தொகையில். 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி மாநகர, நகரக் கிளைகளின் புதுக் கணக்குகளுக்கு 50,000 ரூபாய் என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே 15,000 ஆகக் குறைத்தது. அதற்கு முன் 10,000 ஆக இருந்தது. நாளைக்கு இன்னொரு வங்கி வேறு எண்ணைச் சொல்லலாம்.

இந்தத் தொகை 'மாத சராசரி' என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் இருக்கும் தொகையைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். 10,000 வேண்டும் என்கிற கணக்கில் சம்பளம் 30,000 விழுகிறது. முதல் ஐந்து நாள் அப்படியே இருக்கிறது, அடுத்த ஐந்து நாள் 10,000, மீதி இருபது நாள் 2,000. கூட்டினால் 2,40,000. முப்பதால் வகுத்தால் 8,000. "முப்பதாயிரம் போட்டேனே!" என்று சண்டை போட்டாலும் 2,000 குறைகிறது, அபராதம் உண்டு. ஒரு நல்ல விதியும் இருக்கிறது: குறைந்த அளவுக்குத் தகுந்தபடிதான் அபராதம் போட வேண்டும், இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

"எனக்கு சேலரி அக்கவுண்ட், ஜீரோ பேலன்ஸ்" என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். அண்ணன் மகனின் பழைய கணக்கும் அதுதான். வேலையை விட்டான், மூன்று மாதம் சம்பளம் விழவில்லை, கணக்கு சத்தமில்லாமல் சாதாரணக் கணக்காக மாறிவிட்டது. உள்ளே இருந்தது 1,740 ரூபாய். காந்திபுரம் பேருந்து நிலையத்தில் டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஸ்கேன் செய்தால் 30 ரூபாய் போகவில்லை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. பின்னால் நிற்பவர் தொண்டையைச் செருமுகிறார். கடைக்காரர் "பரவால்ல தம்பி, அப்புறம் குடுங்க" என்றிருக்கிறார். ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால் மூன்று மாதமாக வரிசையாக அபராதம், கீழே இருப்பு பூஜ்யம். மெயில் அனுப்பியிருந்தார்கள், ஆமாம். பழைய கம்பெனி மெயிலுக்கு!

மற்றபடி கடன், காப்பீடு, கிரெடிட் கார்டு என்று போன் வந்துகொண்டே இருக்கும். அத்தைக்கு ஏசி அறையில் கொடுக்கும் தண்ணீரின் விலை அதுதான். வயதானவர்களிடம் "டெபாசிட் மாதிரிதான்மா" என்று சொல்லி இன்சூரன்ஸ் பாலிசியில் கையெழுத்து வாங்கும் பழக்கம் எந்த வகை வங்கிக்கும் புதிதல்ல. இங்கே அந்த வேகம் கூடுதல்.

நகரத்தில் இருந்து, மாதச் சம்பளம் தவறாமல் விழுந்து, எல்லாவற்றையும் போனிலேயே முடிப்பவருக்கு இது பொருந்தும். வருமானம் ஒரு மாதம் வந்து மறுமாதம் வராதவருக்கு வேண்டவே வேண்டாம்.

## நம்ம ஊர்த் தனியார் வங்கிகள்

கும்பகோணத்தில் 1904-ல் பிறந்த சிட்டி யூனியன், கரூரில் 1916-ல் பிறந்த கரூர் வைஸ்யா, தூத்துக்குடியில் 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல். இவற்றை யாரும் ஒப்பீட்டில் சேர்ப்பதே இல்லை. எனக்கென்னவோ கடைத்தெருவில் வியாபாரம் செய்பவருக்கு இவைதான் முதல் தேர்வாகத் தோன்றுகின்றன. மேனேஜர் தமிழில் பேசுவார், நகைக்கடன் சட்டென்று முடியும், உங்கள் கடைக்கு எந்த மாதம் மந்தம் என்று அவருக்கே தெரியும்.

குறை: வெளி மாநிலம் போனால் கிளை தேடி அலைய வேண்டும். மினிமம் பேலன்ஸ் திட்டத்துக்குத் திட்டம் மாறும், கட்டண அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

"சின்ன வங்கி, கவிழ்ந்துவிட்டால்?" என்று கேட்பவர்களுக்கு லட்சுமி விலாஸ் வங்கியின் கதையைச் சொல்லலாம். 1926-ல் கரூரில் தொடங்கியது. 2020 நவம்பர் 17-ல், ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டபடி, மத்திய அரசு அதை முடக்கி, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றது. நவம்பர் 27-ல் டிபிஎஸ் வங்கியோடு இணைத்துவிட்டார்கள். பங்கு வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் போயிற்று, டெபாசிட்தாரர்களின் பணம் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்தப் பத்து நாளில் யாராவது வாடகை கட்ட வேண்டியிருந்திருக்கும், கடைக்குச் சரக்கு எடுக்க வேண்டியிருந்திருக்கும். பணம் போகாது என்பது வேறு, இன்றைக்குக் கையில் கிடைக்கும் என்பது வேறு. ஒரு மாதச் செலவுக்காவது இரண்டாவது வங்கியில் பணம் வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

## ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கி

சிறு கடன், சிறு சேமிப்புக்காரர்களுக்காக ரிசர்வ் வங்கி தனி உரிமம் கொடுத்த வங்கிகள், 2016 முதல் வந்தவை. சென்னையில் தலைமையகம் உள்ள ஈக்விடாஸ் அதில் ஒன்று. இங்கே வட்டி கூடுதல், அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பலகையில் பெரிய எழுத்தில் இருக்கும் சதவீதம் பெரும்பாலும் லட்சங்களில் உள்ள இருப்புக்குத்தான். உங்கள் 20,000 ரூபாய்க்கு எந்த அடுக்கு என்று கேளுங்கள். அவசரத் தேவைக்கு இரண்டு மூன்று லட்சம் ஒதுக்கி வைக்க இரண்டாவது கணக்காகப் பொருந்தும், 5 லட்சம் காப்பீட்டு வரம்புக்குள் இருக்கும் வரை. சம்பளம் விழும் முதல் கணக்காக நான் சொல்ல மாட்டேன்.

## தபால் ஆபீஸ்

500 ரூபாய் இருந்தால் போதும். வருடத்துக்கு 4 சதவீத வட்டி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வட்டி போடும் விதம் வேறு. வங்கிகள் 2010 ஏப்ரலில் இருந்து தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிடுகின்றன. அஞ்சலகத்தில் மாதத்தின் 10-ஆம் தேதி முடிவுக்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் எது மிகக் குறைந்த இருப்போ, அதற்கு மட்டும்தான். 50,000 வைத்திருந்து 28-ஆம் தேதி 45,000 எடுத்தால் அந்த மாதம் முழுக்க 5,000-க்குத்தான் வட்டி. ஆக, பணம் வந்து வந்து போகும் கணக்குக்கு அந்த 4 சதவீதம் ஏட்டுச் சுரைக்காய்.

யுபிஐ வேண்டும் என்றால் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில் தனிக் கணக்கு திறந்து இணைக்க வேண்டும்; அதில் நாள் முடிவில் 2 லட்சத்துக்கு மேல் வைக்க முடியாது. தபால் ஆபீஸ் கணக்கு யாருக்கு என்றால், முதியோர் சேமிப்புத் திட்டம், மாத வருமானத் திட்டம் போன்றவற்றை அங்கே வைத்திருப்பவர்களுக்கு. அந்த வட்டி நேராக இதில் விழும்.

## ஒரே பார்வையில்

| | சும்மா கிடக்க வேண்டியது | எங்கே கடிக்கும் | யாருக்கு |
|---|---|---|---|
| அரசு வங்கி | பலவற்றில் அபராதம் இல்லை | நேரம், வரிசை | பென்ஷன், உதவித்தொகை, கிராமம் |
| பெரிய தனியார் | ஆயிரங்களில், நகரத்தில் அதிகம் | சராசரி குறைந்தால் அபராதம் | நிலையான சம்பளம், நகரம் |
| நம்ம ஊர்த் தனியார் | திட்டத்தைப் பொறுத்து | வெளி மாநிலத்தில் கிளை குறைவு | கடை, வியாபாரம் |
| ஸ்மால் ஃபைனான்ஸ் | திட்டத்தைப் பொறுத்து | வட்டி அடுக்கு | இரண்டாவது கணக்கு |
| தபால் ஆபீஸ் | 500 ரூபாய் | வட்டி கணக்கிடும் முறை, யுபிஐ | அஞ்சலகத் திட்டங்கள் உள்ளவர் |

அட்டவணையில் சேராத ஒன்று 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு'. எந்த வங்கியிலும், தனியார் உட்பட, மினிமம் பேலன்ஸ் இல்லாமல் கேட்டு வாங்கலாம். மாதம் நான்கு முறையாவது இலவசமாகப் பணம் எடுக்கலாம். யாரும் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு நிபந்தனை, அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது.

## எந்த வங்கியானாலும் கவனிக்க வேண்டியவை

ஏடிஎம்மில் சொந்த வங்கி என்றால் மாதம் 5 முறை இலவசம். பிற வங்கி என்றால் சென்னை போன்ற பெருநகரத்தில் 3, மற்ற ஊர்களில் 5. அதைத் தாண்டினால் 2025 மே முதல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை, வரி தனி. பேலன்ஸ் மட்டும் பார்ப்பதும் இந்த எண்ணிக்கையில் சேரும். சம்பளம் வந்ததா என்று பார்க்கவே மூன்று முறை கார்டைச் செருகுபவர்கள், கூப்பிட்டால் இருப்பை எஸ்எம்எஸ்ஸில் சொல்லும் வங்கியின் மிஸ்டு கால் எண்ணைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

புதுக் கணக்கு திறக்கும்போது படிவத்தில் 'ஆதார் இணைத்து அரசு மானியத்தை இக்கணக்கில் பெற' என்று ஒரு கட்டம் இருக்கும். யோசிக்காமல் டிக் அடித்தால் காஸ் மானியம், நூறு நாள் வேலைக் கூலி எல்லாம் புதுக் கணக்குக்குத் திரும்பிவிடும். பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு "பணமே வரல" என்று பஞ்சாயத்து ஆபீஸுக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

நாமினி இல்லாமல் கணக்கு வைக்காதீர்கள். 2025 நவம்பரில் இருந்து நான்கு பேர் வரை போடலாம்.

புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கிடைக்கும்.

## கடைசியில் அவர்கள் செய்தது

அண்ணன் மகனுக்கு நான் சொன்னது: சம்பளக் கணக்கு கம்பெனி தரும் தனியார் வங்கியிலேயே இருக்கட்டும், அதில் மாதச் செலவு மட்டும் ஓடட்டும். ஊரில் படிக்கும்போது திறந்த அரசு வங்கிக் கணக்கை மூடாதே, சம்பளம் வந்த மறுநாளே ஒரு பகுதி அங்கே போகட்டும். வேலை விடும் நாளில் கணக்கு வகையை மாற்றச் சொல்லி எழுதிக் கொடு, சொந்த மெயில் முகவரியைப் பதிந்து வை. பூஜ்யத்தில் நின்ற அந்தப் பழைய கணக்கை மூடப் போனான். பல வங்கிகளில் ஓராண்டு கழிந்த கணக்கை மூடக் கட்டணம் கிடையாது. அவனிடமும் கட்டணம் எதுவும் பிடிக்கவில்லை. மீதமிருந்த செக் தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு, மூடியதற்கு எழுத்தில் அத்தாட்சி கொடுத்தார்கள்.

அத்தை எங்கேயும் மாறவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது வேறு வங்கி அல்ல, வரிசையில் நிற்காமல் பணம் எடுக்க ஒரு வழி. கணக்கில் ஆதார் இணைந்திருந்தால், எந்த வங்கிக் கணக்கானாலும் தபால்காரர் கொண்டுவரும் கைரேகை இயந்திரத்தில் வீட்டு வாசலிலேயே ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். முதல் நாள் நானும் கூட இருந்தேன். ஐம்பது வருடம் பாத்திரம் தேய்த்த விரல், ரேகை மங்கிப்போயிருந்தது. கட்டைவிரலை ஏற்கவில்லை, ஆள்காட்டி விரலையும் ஏற்கவில்லை. தபால்காரர் "மோதிர விரலை வைங்கம்மா" என்றார். அத்தை முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. எண்ணிக் கொடுத்த நோட்டுகளை இன்னொரு முறை எண்ணிவிட்டு, "குறுஞ்செய்தி வந்துருக்கா பாரு" என்று போனை என்னிடம் நீட்டினார்.